இப்போதா, பிறகா

அண்ணன் ஷூவைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பராமரிப்பு இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா சாயங்காலம் வண்டியோடு வருவார். அவர் முன்னால் அக்கா பேசியாக வேண்டும். அங்கே போகிறாளா, என்னோடு இந்த வீட்டிலேயே இருக்கிறாளா என்று அவளே சொல்ல வேண்டும். சொல்ல முடியாமல் போனால் அண்ணன் கையெழுத்துப் போடுவான், அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அக்கா பஸ் கண்டக்டராக இருந்தவள். முன்படியில் நின்று அவள் போடும் சத்தத்தில் கடைசி சீட்டில் தூங்குகிறவன் எழுந்து டிக்கெட் கேட்பான். நரம்பு நோய் வந்து முதலில் காலை எடுத்தது, பிறகு கையை, அப்புறம் குரலை. மூளை மட்டும் பழைய மூளைதான், கொழுப்பும் பழைய கொழுப்புதான். இப்போது அவள் சொன்னபடி கேட்பது வலது கட்டைவிரல் ஒன்றே. இமைகள்கூடத் தன்னிஷ்டத்துக்குத் துடிக்கின்றன.

குரல் போவதற்கு முன்னால் அவளைப் பேசவைத்துப் பதிவு செய்து, நான் ஒரு நிரல் எழுதினேன். திரையில் எழுத்துகள் வரிசையாக மின்னிக்கொண்டே போகும். வேண்டிய எழுத்து வரும்போது அவள் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் பொத்தானை அழுத்துவாள். வாக்கியம் சேர்ந்ததும் அவள் குரலிலேயே பேசும். நான் நிரல் எழுதிப் பிழைக்கிறவன். வாழ்க்கையில் உருப்படியாக எழுதியது அது ஒன்றுதான்.

காலையில் கணினியைத் திறந்தேன். திரையின் நிறமே வேறு. இயங்குதளம் புதிய பதிப்புக்கு மாறி, 'வரவேற்கிறோம்' என்று பல்லை இளித்தது. நிரலைத் திறந்தேன். அது ஓடத் தேவையான பைத்தான் மொழியைக் காணோம் என்றது.

காணோமாம்! முந்தின நாள்வரை அங்கேதானே இருந்தது. அந்த நிரலுக்கென்று ஒரு தனி இடம் ஒதுக்கி, அதற்கு வேண்டிய பழைய பைத்தானையும், பதிவுகளைப் பேச்சாக்கும் குரல் தொகுப்பையும் நானே பார்த்துப் பார்த்து அமைத்து வைத்திருந்தேன். புதிய இயங்குதளம் பழையது என்று சொல்லி எல்லாவற்றையும் துடைத்துப்போட்டுவிட்டது. போதாததற்கு, குரல் தொகுப்பில் நான் கையால் செய்த திருத்தங்களை வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை. ஊருக்கெல்லாம் சொல்வேன், ஒரு நகல் எடுத்து வை என்று. எனக்குச் சொல்ல ஆளில்லை.

மாற்றவா என்று திரையில் ஒரு பெட்டி வந்து கேட்கும், யாராவது சரி என்று தட்டாமல் அது மாறாது. முந்தின நாள் நான் கடைக்குப் போயிருந்தபோது அக்காவோடு இருந்தவன் அண்ணன். சுருக்கென்று வந்தது கோபம்.

"நீதான அப்டேட்ட தட்டின? அவ பேசக் கூடாதுன்னுதான?"

தான் கணினிப் பக்கமே போகவில்லை என்றும், நாற்காலியில் கண் அசந்துவிட்டதாகவும் சொன்னான். நான் நம்பவில்லை. அந்த அம்மா வந்தால் அக்காவைக் கட்டைவிரலை அசைக்கச் சொல்லி, அதற்கு இதுதான் அர்த்தம் என்று நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அது செல்லாதாம். வீட்டு ஆட்கள் தங்கள் வசதிக்கு அர்த்தம் சொல்லி நிறைய வம்பு வந்திருப்பதால், அக்காவுடைய வார்த்தையிலேயே வேண்டும் என்று அந்த அம்மா கறாராகச் சொல்லியிருக்கிறாராம்.

உட்கார்ந்தேன். முதல் வேலையாக, அந்தக் கோபத்திலேயே நிரலில் ஒரு வரி சேர்த்தேன். இனி திரையில் எந்தப் பெட்டி வந்தாலும் என் நிரலின் ஜன்னலுக்கு மேலே வரக் கூடாது, என்னுடையதுதான் எப்போதும் மேலே. அந்த வரியை எழுதும்போது மனதுக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. புதிய பைத்தானைப் போட்டால் குரல் தொகுப்பு அதோடு ஒத்துப்போக மாட்டேன் என்றது. பழைய பைத்தானைப் போடப் போனால், மூல நிரலிலிருந்து புதிதாகக் கட்ட வேண்டும், அதற்கான கருவிகளைக் கொண்டுவா என்றது. கருவிகளைக் கொண்டுவந்தால் அவையும் பழைய பதிப்பாம், செல்லாதாம். புதிய கருவிகளில் பழைய பைத்தானோ பாதிவரை ஏறிப் படுத்துவிட்டது. இதற்கு அது வேண்டும், அதற்கு இது வேண்டும். செக்குமாடு மாதிரி சுற்றினேன்.

அக்காவின் அறை என்று வைத்திருப்பது வீட்டின் உள்ளறை. தெருச் சத்தம் அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நானே தேர்ந்தெடுத்த அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். அங்கேயே என் மேசையும் இருக்கிறது. அன்று அந்த அறை எனக்கே மூச்சு முட்டியது. வாசலில் அண்ணன், முதுகுக்குப் பின்னால் அக்காவின் மூச்சுக் கருவி, எதிரே சிவப்புச் சிவப்பாகப் பிழைச் செய்திகள். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. எங்கே ஓடுவது?

மதியச் சாப்பாட்டை மறந்தேன். அக்காவுக்குக் குழாய் வழியாகக் கொடுப்பதை அண்ணன்தான் கொடுத்தான். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் எங்கோ எழுதி வைத்திருந்த குறிப்பு ஒன்று கிடைத்தது. அதன்படி கருவிகள் இருக்கும் இடத்தைக் கையால் எழுதிக் காட்டியதும் பழைய பைத்தான் முனகிக்கொண்டே ஏறியது. திருத்தங்களை நினைவிலிருந்து மறுபடி எழுதினேன். நிரல் திறந்தது. எழுத்துகள் மின்னின. கண்ணில் நீரே வந்துவிட்டது எனக்கு.

"அக்கா, அழுத்து" என்றேன்.

அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் கட்டைவிரல் அசைகிறது, பொத்தானில் விளக்கு எரிகிறது, திரையில் எழுத்துகள் பாட்டுக்கு ஓடுகின்றன. மறுபடி அழுத்தினாள். மறுபடி. அவசரத்தில் அந்த ஜன்னலைக்கூட மூடாமல், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவினேன். அதே கதை. இன்னொரு தடவை அழித்து நிறுவினேன். கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

பொறுப்பாளர் அம்மா நல்ல மாதிரி. நேராக அக்காவிடம் போய் வணக்கம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, தயாரா என்று கேட்டார். நான் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அண்ணன் எழுந்து நின்றான். பேனாவை எடுத்தான். அவ்வளவுதான், தோற்றாயிற்று என்று என் ஜன்னலை மூடினேன்.

அடியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. 'இந்த நிரல் பொத்தானைக் கவனிக்க விரும்புகிறது. அனுமதிக்கவா?'

புதிய இயங்குதளம் கேட்காமல் எதையும் விடாதாம். நிரல் முதல் தடவை திறந்ததிலிருந்து அந்தப் பெட்டி பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. நான்தான் வீராப்பாக ஒரு வரி எழுதி அதன்மேல் என் ஜன்னலைப் போட்டு மூடியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டு அனுமதித்தேன். நிரலைத் திறந்தேன்.

அக்கா அழுத்த ஆரம்பித்தாள். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். பிறகு அந்தக் குரல் வந்தது.

"அவனத் திட்டாத. தட்டினது நான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பொத்தானை அழுத்தினால் என் நிரல் அதை என்டர் கீ அழுத்தியதாக மாற்றிக் கொடுக்கும். பெட்டி வந்தால் அதற்குச் சரி சொல்ல அவளால் முடியும்தான். ஆனால் எதற்கு? தெரியாமல் பட்டுவிட்டதா என்று கேட்டேன். அடுத்த வாக்கியத்துக்கு நேரமெடுத்தாள்.

"தெரிஞ்சேதான். இப்பவா, பிறகான்னு கேட்டுச்சு. இந்த வீட்ல என்னை யாருடா கேட்டீங்க?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். பொறுப்பாளர் அம்மா நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டு, அவள் எங்கே இருக்க விரும்புகிறாள் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். நாள் முழுக்க நான் செத்ததே அந்தப் பதிலுக்காகத்தான்.

"உங்க எடத்துல ஒரு ஹால்ல எத்தன பேரு?" என்றது அக்காவின் குரல்.

பெரிய ஹால், கட்டில்கள் நிறைய, பார்க்க வருகிறவர்களும் ஓயாமல் வந்துபோவார்கள், அமைதி மட்டும் கிடைக்காது என்றார் அந்த அம்மா, மன்னிப்புக் கேட்பதுபோல.

"அங்க போறேன். எனக்குக் கூட்டம் வேணும்."

எனக்கு உள்ளே ஏதோ அறுந்தது. ரொம்ப வலித்தது, ஏன் மறைக்க வேண்டும். சுவரைப் பார்த்த அந்த அறையை அவளுக்கென்று நான் எவ்வளவு பெருமையாகத் தேர்ந்தெடுத்தேன். வாழ்நாளெல்லாம் நெரிசலில் நின்று சத்தம் போட்டவளுக்கு அமைதி வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது?

அண்ணன் அவள் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினான். கணினியும் அவளோடு போகும். சார்ஜரைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு அவள் பக்கம் வந்தேன்.

"தினமும் நான் வரட்டுமாக்கா?"

நான் அவளிடம் எதையாவது கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது. எழுத்துகள் மின்னி மின்னிப் போயின. அவள் அவசரப்படவில்லை.

"தினமும் வேணாம். வர்றப்ப முதுகக் காட்டிட்டு உக்காராத."

என் நாற்காலி மேசையைப் பார்த்தபடியே கிடந்தது. அதைத் திருப்பிப் போட்டு, வண்டிக்காரர்கள் மேலே வரும்வரை அவள் எதிரே உட்கார்ந்திருந்தேன்.