நாற்பத்தேழாம் எண்ணுக்குரியவர்

ஒலிபெருக்கியில் பேசும் எண்டாங்கும் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எண்டாங்கும் ஒரே பெண்தான் என்று சத்தியம் செய்து சொன்னாலும் புதிதாக வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். "பதினெட்டாம் எண்ணுக்குரியவர், தயவுசெய்து பொது அறைக்கு வரவும்" என்று ஒலிபெருக்கி எண்டாங் குழைவாள். அதே மூச்சில் நேர் எண்டாங் கதவுப்பக்கம் வந்து நிற்கும் பெரியவரைப் பார்த்து, "பாக், செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க, இது என்ன உங்க உருளைக்கிழங்குத் தோட்டமா?" என்று கத்துவாள். எண் கூப்பிடும் மெஷினுக்கு அந்தக் குழைவுக் குரலைப் பதிவு செய்ய, அதன் நிரலை எழுதிய வெனிங் ஒரு மத்தியானம் முழுக்கக் கெஞ்ச வேண்டியிருந்தது. இப்போது அவள் அதே குரலைக் கேட்டுக்கொண்டு, சுகாதார நிலையத்தின் மூன்றாவது வரிசையில், நோயாளியோடு நோயாளியாக, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு எண் கேட்கும்போதும் யாராவது எழுந்திருக்கிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கவுண்டரின் மேல் பழைய பித்தளைக் கைமணி துடைத்துப் பளபளவென்று வைக்கப்பட்டிருந்தது.

மணியை அலமாரியிலிருந்து எடுத்து வைத்தவர் டாக்டர் ஹேஸ்தி. "உன்மேல எனக்குக் கோபமே இல்ல வெனிங்" என்று நேற்று சொன்னார். கோபமே இல்லை என்று ஆரம்பிக்கிற டாக்டரை யாரும் நம்பக்கூடாது. "ஆனா நாளைக்கும் ஒருத்தர் நம்பர் விட்டுப்போச்சுன்னா, உன் மெஷினக் கழட்டிட்டு நாங்க பழையபடி மணியடிச்சுப் பேரச் சொல்லியே கூப்பிட்டுக்கறோம். உடம்பு முடியாம வந்தவங்கள காலைலேர்ந்து மத்தியானம் வரைக்கும் உக்கார வெச்சு அனுப்பறது பாவம்மா."

பாவம்தான். ஆனால் இந்த மெஷின் கழன்றால் அதோடு கழன்றுபோவது வேறு சில. ஜகார்த்தாவில் நல்ல சம்பளத்து வேலையை விட்டுவிட்டு, கணவன் கியாந்தோவின் இந்த மலையடி ஊருக்கு வந்தபின் வெனிங்குக்குக் கிடைத்த முதல் வேலை இது. பக்கத்து ஊர் நிலையங்கள் இரண்டும் இது ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தன. ஓடவில்லை என்றால் மறுபடி ஜகார்த்தாதான், ஜன்னலில்லாத வாடகை அறைதான், மாதத்துக்கொரு முறை ரயிலில் வரும் கியாந்தோதான். அவன் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஜகார்த்தாவுக்குப் பெயர்க்க முடியாத செடி. அவளுக்கும் இந்த ஊர் பிடித்துப்போய்விட்டது. காலையில் பனி ஜன்னல்வரை வந்து நிற்பதும், மாவில் தோய்த்துப் பொரித்த சோயாத் தெம்பேயைச் சுடச்சுட வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொள்வதும், தெருவில் போகிறவர்கள் எங்கே போகிறாய் என்று கேட்பதும். கேள்விக்குப் பதில் யாருக்கும் வேண்டியதில்லை, கேட்பதுதான் முக்கியம்.

நிரலை எழுதி முடித்த நாளில் அவள் பெருமை தாங்காமல் கியாந்தோவை, அவள் வாயில் 'மாஸ்', உட்காரவைத்து விளக்கினாள். "உள்ள ஒரே ஒரு ஆளுதான் மாஸ். அதுக்கு லூப்னு பேரு. சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கும். ஒருத்தர் நம்பர் எடுத்தா அவருக்குன்னு ஒரு சின்ன வேலை பொறக்கும். பொறந்ததும் தூங்கிடும். டாக்டர் பொத்தான அழுத்தினா லூப் வந்து அந்த வேலைய எழுப்பும். அது எழுந்து நம்பரக் கூப்பிட்டுட்டுப் போயிடும். எத்தன பேரு வந்தாலும் அந்த ஒரே ஆளே சமாளிக்கும். ஏன்னா காத்திருக்கறவங்க யாரும் அதோட நேரத்தத் திங்கறதில்ல."

"அந்தத் தூங்கறதுக்குச் சம்பளம் உண்டா? எனக்கு வேணும்னா ஒரு வேலை போட்டுக் குடு" என்றான் கியாந்தோ.

முதல் வாரம் எல்லாம் தேனாக ஓடியது. பிறகுதான் புகார் வந்தது. நம்பர் எடுத்த ஒருவரை மெஷின் கூப்பிடவே இல்லை. சில நாள் கழித்து இன்னொருவர். பொது, பல், பிரசவம் என்று மூன்று அறைகள் இருப்பதால் எண்கள் எப்போதும் முன்னும் பின்னுமாகத்தான் கேட்கும். ஒன்று விட்டுப்போனால் சட்டென்று தெரியாது. வெனிங் முதலில் சந்தேகப்பட்டது அடாவடி வேலை ஏதாவது இருக்குமோ என்றுதான். ஒரு வேலை தன் முறை வந்ததும் லூப்பைப் பிடித்துக்கொண்டு விடாமல் அடம் பிடித்தால் மற்றவை எல்லாம் நின்றுபோகும். வரி வரியாகத் தேடினாள். எல்லா வேலைகளும் பரம சாது. பிழைச் செய்தியும் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஒரு வேலை செத்திருந்தால் ஒரு சத்தமாவது போட்டிருக்கும். இது இருந்தது, பிறகு இல்லை, அவ்வளவுதான். புகார் ஒரு தடவை செவ்வாயில் வந்தது, ஒரு தடவை வெள்ளியில், பிறகு புதனில். கிழமையை வைத்தும் ஒன்றும் பிடிபடவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

எண்டாங் கண்ணாடித் தம்ளரில் சர்க்கரைத் தேநீர் கொண்டுவந்து நீட்டினாள். "குடிங்க எம்பாக் வெனிங். மூஞ்சியப் பாத்தா நீங்கதான் முதல்ல டாக்டரப் பாக்கணும் போலிருக்கு."

"இன்னைக்கு என்ன இவ்வளவு கூட்டம், பு எண்டாங்?"

"பாஹிங் சந்தையாச்சே. மேல இருக்கற ஊரு பூரா கீழ எறங்கிடும். ஆட்ட வித்துட்டு அப்படியே இங்க வந்து பல்லையும் புடுங்கிக்கிட்டுப் போவாங்க." குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னா சிரிப்பீங்க. ஆளுங்க காணாமப் போறது எல்லாமே பாஹிங் அன்னைக்குத்தான். இந்த நாள் ஆகாது."

வெனிங் சிரிக்கவில்லை. ஜாவாவின் சந்தை வாரத்துக்கு ஐந்தே நாள், அதில் ஒன்று பாஹிங். செவ்வாய், வெள்ளி, புதன் என்று ஏழுநாள் வாரத்துக்குள் தாறுமாறாகத் தெரிந்ததெல்லாம் சந்தைக் கணக்கில் ஒரே நேர்க்கோடு. ஜாவாக்காரியாகப் பிறந்துவிட்டு இதை மறந்துபோனதற்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நாள் ஆகாததில்லை, கூட்டம்தான் ஆகவில்லை. ஆனால் கூட்டம் வந்தால் லூப்புக்கு என்ன? எத்தனை பேரானாலும் தாங்கும் என்றுதானே கியாந்தோவிடம் பீற்றிக்கொண்டாள்?

"சும்மா கேக்கறேன் பு, கூட்டத்துல காணாமப் போறவங்க யாரு? வயசானவங்களா, பல்லுக்கு வர்றவங்களா?"

"தனியா வர்றவங்க" என்றாள் எண்டாங் யோசிக்காமல்.

"மெஷினுக்கு யாரு தனியா வந்தாங்க, யாரு கூட்டமா வந்தாங்கன்னு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? கூட ஆள் இருந்தா ரெண்டு நிமிஷம் லேட்டானாலே கவுண்டருக்கு வந்து என் உயிர வாங்கிடுவாங்க. என்னாச்சு எங்கம்மா நம்பர், என்னாச்சு எங்க வீட்டுக்காரர் நம்பர்னு. நானும் சரி போங்கன்னு உள்ள தள்ளி விட்டுடுவேன். அதெல்லாம் புகாராவே வராது. தனியா வந்தவங்கள யாரு கேக்கறா? உக்காந்தே இருப்பாங்க. இதோ, உங்க பக்கத்துலயே ஒருத்தர் இருக்காரே."

பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையிலிருந்த சீட்டைத் தூக்கிக் காட்டினார். பதினாறு. கருப்புத் தொப்பி, பொத்தான் கழுத்துவரை போட்ட சட்டை. பெயர் தூகிரான். பக்கத்தில் யாரும் இல்லை.

"பாக், பதினாறு எப்பவோ போயிருக்கணுமே! ஏன் கேக்கல?" என்றாள் வெனிங்.

"கூப்பிட்டா போவேன். கூப்பிடல, உக்காந்திருக்கேன். வீட்டுல யாரு இருக்கா, செவுத்தப் பாக்கறதுக்கு? இங்க ஃபேன் இருக்கு, டிவி இருக்கு, பேச்சுக்கு ஆளிருக்கு." கொஞ்சம் வெட்கப்பட்டார். "அந்தப் பொண்ணு குரலும் நல்லாருக்கு. போன சந்தைக்கும் என் நம்பர விட்டுடுச்சு. ஒரு தடவையாவது என்னைக் கூப்பிடறதக் கேக்கணும்னு ஆசைதான்."

எண்டாங் அந்தப் பொண்ணு யார் என்று சொல்ல வாயைத் திறந்து, என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

வெனிங் மடிக்கணினியைப் பார்த்தாள். கேட்க ஆளில்லாதவர்கள். எண் எடுத்ததும் வேலை பிறக்கிற அந்த ஒரு வரி திரையில் இருந்தது. பிறக்க வைத்து, போய்த் தூங்கு, எழுப்புவார்கள் என்று சொல்லிவிட்டு, அவள் கையை விட்டுவிட்டாள். எங்கேயும் பிடித்து வைக்கவில்லை. லூப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தாள். ஆனால் லூப்புக்கு அந்த வேலைகளின் முகம்தான் தெரியும். கையைப் பிடித்துக்கொள்வது அதன் வேலை இல்லை. கணினிக்குள் இன்னொரு ஆளும் உண்டு. துடைப்பத்தோடு வந்து, யாருக்கும் வேண்டாமல் கிடப்பதைக் கூட்டிப் பெருக்கி இடத்தைக் காலி செய்கிற ஆள். சாதாரண நாளில் குப்பை குறைவு, அது எட்டிப் பார்ப்பதே அபூர்வம். சந்தை நாளில் குப்பை குவியக் குவிய அடிக்கடி வரும், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு மூலையைப் பெருக்கும். அங்கே ஒரு சின்ன வேலை தன் முறைக்காகத் தூங்கிக்கொண்டிருக்கும். யாராவது இதைப் பிடித்திருக்கிறார்களா என்று துடைப்பம் பார்க்கும். யாரும் இல்லை. சத்தமில்லாமல் கூட்டி அள்ளிவிடும்.

அவளுக்கு அழுகை வரும்போலிருந்தது, சிரிப்பும் வந்தது. இத்தனை பேரையும் உட்காரவைத்துவிட்டு ஒருவர் கையையும் அவள் பிடித்துக்கொள்ளவில்லை.

மருந்து சுலபம். ஒரு கூடை. வேலை பிறந்ததும் கூடையில் போட வேண்டும், கூப்பிட்டு முடித்ததும் கூடையிலிருந்து எடுக்க வேண்டும். கூடை பிடித்துக்கொண்டிருக்கும்வரை துடைப்பம் தொடாது. இரண்டே வரி, எழுதி முடித்துவிட்டாள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. புதிய வரிகள் ஓட வேண்டுமானால் மெஷினை நிறுத்தித் திரும்ப ஓட்டவேண்டும். நிறுத்தினால் இப்போது தூங்கிக்கொண்டிருக்கும் எல்லா எண்களும் போய்விடும். இத்தனை பேரும் மறுபடி எண் எடுக்க வேண்டும்.

"எதுக்கு எம்பாக்?" என்றாள் எண்டாங் மெதுவாக. "இவர நான் சத்தமில்லாம உள்ள அனுப்பிடறேன். இன்னைக்குப் பொழுது ஓடிடும். சாயங்காலம் ஆளில்லாதப்ப மாத்திக்குங்க. டாக்டருக்கு எதுக்குத் தெரியணும்?"

நல்ல யோசனைதான். வெனிங் தேநீரை ஒரு மடக்கு குடித்தாள். நிறைந்திருந்த வரிசைகளைப் பார்த்தாள். இன்னும் எத்தனை பேர் இப்படி உட்கார்ந்திருக்கிறார்களோ. எழுந்து போய் டாக்டரின் கதவைத் தட்டினாள்.

டாக்டர் ஹேஸ்தி முழுவதையும் கேட்டார். துடைப்பமும் கூடையும் அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, ஒருவர் விட்டுப்போனது புரிந்தது. வெளியே வந்து கைமணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "உண்மையச் சொன்ன. அதுக்காக மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். மணி என்கிட்டயே இருக்கட்டும்."

பிறகு நடந்ததைச் சந்தைக்குள் சந்தை என்றுதான் சொல்ல வேண்டும். எல்லோரும் பழைய வரிசைப்படியே வந்து மறுபடி எண் எடுங்கள் என்று எண்டாங் தன் சொந்தக் குரலில் அறிவித்தாள், ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. முணுமுணுத்தார்கள், சிரித்தார்கள், எனக்கு முன்னால் இவர்தான் என்று ஒருவரையொருவர் இழுத்து நிறுத்தினார்கள். தூகிரானை எண்டாங் முதல் ஆளாக உள்ளே போகச் சொன்னாள்.

"மாட்டேன்" என்றார் அவர். "எனக்கு நம்பர் குடு. கூப்பிட்டாத்தான் போவேன்."

"பிடிவாதத்துக்கு மாத்திரை கிடையாது பாக், பிரஷருக்குத்தான் இருக்கு."

"குடும்மா."

கடைசியாக எடுத்தார். நாற்பத்தேழு.

ஒலிபெருக்கி மறுபடி குழைய ஆரம்பித்தது. வெனிங் மூன்றாவது வரிசைக்கே திரும்பினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஆள் எழுந்தார். துடைப்பம் வந்து போவது திரையில் தெரிந்தது. வந்தது, கூடையைப் பார்த்தது, போனது. வரிசைகள் காலியாகிக்கொண்டே வந்தன. வாசலில் வெயில் ஏறியது, ஆடு விற்ற கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சியில் தொடர் முடிந்து யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். பொது அறையின் வாசலில் டாக்டர் ஹேஸ்தி மணியோடு வந்து நின்றார்.

"நாற்பத்தேழாம் எண்ணுக்குரியவர், தயவுசெய்து பொது அறைக்கு வரவும்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

வெனிங் திரும்பிப் பார்த்தாள். தூகிரான் தலையைத் தொங்கப்போட்டு, வாயைக் கொஞ்சம் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தொப்பி நழுவி மடியில் கிடந்தது. சீட்டு மட்டும் விரலிடுக்கில் இருந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த, குழந்தையைத் துணியில் முடிந்து மார்பில் கட்டியிருந்த பெண், அவர் தோளைத் தட்டினாள். "பாக், பாக், உங்களத்தான்! எழுந்திருங்க!"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "கூப்பிட்டாச்சா? அய்யோ, கேக்கலியே!" சிறு பிள்ளை மாதிரி முகம் விழுந்துவிட்டது.

"இருங்க பாக்" என்றாள் வெனிங். "வரலைன்னா இன்னொரு தடவ கூப்பிடும்."

எண்டாங் கவுண்டருக்குப் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாற்பத்தேழாம் எண்ணுக்குரியவர்," என்றது ஒலிபெருக்கி, "தயவுசெய்து பொது அறைக்கு வரவும்."

"இதோ வந்துட்டேம்மா" என்றார் தூகிரான், கூரையைப் பார்த்து. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்தார். டாக்டர் ஹேஸ்தி மணியின் நாக்கை விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு, அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

எழுந்த வேகத்தில் அவருடைய தொப்பி தரையில் விழுந்திருந்தது. குழந்தைக்காரப் பெண் அதைக் குனிந்து எடுத்தாள். தூசியைத் தட்டிவிட்டு, அவர் திரும்பி வரும்வரை கையிலேயே வைத்துக்கொண்டாள்.