ஏழு மணிப் பூசையின் வாசல்

பத்து நிமிட வேலை, செய்து கொடுத்துவிட்டால் என்ன? பெயர் அச்சில் வரும். இதுவரை ரேஷன் கார்டிலும் பாஸ்புக்கிலும்தான் வந்திருக்கிறது.

ஜான்சி இதை வெளியே சொல்லவில்லை. போனில் தான் எடுத்த கோவில் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செருப்பு மட்டும் இல்லாம குடுத்திரு," என்றார் கணவர் ஜெயசீலன். புனேயின் கட்கியில் அவர்கள் போகும் கத்தோலிக்கக் கோவிலின் நூற்றாண்டு மலர்க் கமிட்டியில் தமிழர்கள் சார்பில் இருப்பவர் அவர். "அட்டையில போடுதாங்க. கீழ உம் பேரு."

"செருப்பு என்ன பண்ணிச்சு?"

"சப்பல் குவிஞ்சு கெடந்தா மண்டி மாதிரி இருக்காம். இங்கிலீஷ் பூசைக்காரங்க சொல்லுதாங்க."

"அவங்க ஷூவோட உள்ள போறவங்க."

"அப்ப அவங்க ஷூவயும் ஒரு படம் எடு," என்று சிரித்தபடி குளிக்கப் போனார்.

நான்கு மாதமாக, லீவு கிடைக்கும்போதெல்லாம், பஸ் பிடித்துப் போய் புனேயின் தேவாலயங்களைப் போனில் எடுத்து வருகிறாள். எல்லாம் கறுப்பு வெள்ளை. நிறத்தில் எடுத்தபோது புது பெயிண்டும் ஃப்ளெக்ஸ் பேனரும்தான் முன்னால் வந்து நின்றன. நிறத்தை நீக்கியதும் கல்லும் வெளிச்சமும் மிஞ்சின. அந்த நேரங்களில் தன்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதும் அவளுக்குப் பிடித்திருந்தது.

சொந்தக் கோவிலைக் காலி வாசலோடு பதினோரு முறை எடுத்தாள். எந்த ஊர்க் கோவிலாகவும் இருக்கலாம் போலிருந்தது. பன்னிரண்டாவது, ஏழு மணித் தமிழ்ப் பூசை நடக்கும்போது எடுத்தது. படி முழுக்கச் செருப்புகள். உள்ளே இருப்பவர்கள் ஒருவர்கூடத் தெரியவில்லை, ஆனாலும் எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

படத்தில் வேண்டாததை அழிக்கும் ஆப்பைத் திறந்தாள். ஓரத்து ஜோடியை விரலால் தேய்த்தாள். போயிற்று. அந்த இடத்தைக் கல் தானாகவே நிரப்பிக்கொண்டது, யாரும் அங்கே செருப்பைக் கழற்றியதே இல்லை என்பதைப் போல. அது இவ்வளவு சுலபமாக இருந்தது அவளைச் சங்கடப்படுத்தியது.

அடுத்த ஜோடி இடது குதிகால் தேய்ந்தது. ஜெயசீலனுடையது. விரல் நின்றது. பிறகு, முதலில் அழித்ததையும் திரும்பக் கொண்டுவந்தாள்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "முடிஞ்சுதா? சாயங்காலம் அனுப்பணும்."

"நான் அழிக்கலங்க."

"அட்டைப் படம் ஜான்சி. வேற யாருக்காவது போயிரும்."

"போகட்டும்," என்றாள், குரல் உயராமல். "இப்படியே போடுறதுன்னா போடட்டும். இல்லன்னா என் படம் வேண்டாம்னு சொல்லிருங்க."