ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு குழந்தை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவாக வந்து தலையில் விழுந்தது. அமெரிக்காவில், மின்னசோட்டாவில் ஒரு பள்ளிப் பேருந்து டிப்போவில், ஓட்டுநர்களோடு பேசுகிற ரேடியோ முன்னால் உட்கார்ந்து வண்டிகளை அனுப்புவது என் பிழைப்பு. எங்கள் ஓட்டுநர்களில் ஒன்பது பேர் கைக்குழந்தைக்காரிகள். குழந்தையைப் பின் இருக்கையில் வார் போட்டு வைத்துக்கொண்டே ஓட்டலாம் என்பதால்தான் இந்த வேலைக்கு வந்தார்கள். போன செவ்வாய்க்கிழமை மேலாளர் லாய்டு அதற்குத் தடை போட்டார். அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான ஜோலீன்தான் என் கதாநாயகி.

முதல் வரி: “ஜோலீன் பனியில் நின்று அழுது...” (வேண்டாம். அவள் அழவில்லை, கத்தினாள்.)

2

“திங்கக்கிழமையிலேர்ந்து என் கொழந்தை ஹேசலை ஏத்தக்கூடாதுன்னா எங்கே விடறது? காப்பகத்துல அடுத்த வருஷம்தான் இடம்ங்கறாங்க!”

“இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்கலை ஜோலீன். நான் என்ன பண்ணட்டும்?”

“அவனையே வந்து தாலாட்டச் சொல்லுங்க.”

(இங்கே அவள் புருஷன் டேரனைச் சோம்பேறியாக எழுதியிருந்தேன். வில்லன் ஒருத்தன் இருந்தால் கதை சுலபமாக நகரும். ஆனால் அது பொய். விடியுமுன் பால் பண்ணைக்கு ஓடுகிற மனுஷன் அவன். பாவம், அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

முதல் முடிவு: ஜோலீன் குழந்தைக்காக வேலையை விட்டாள்.

காபி அறையில் ஜோலீனுக்குப் படித்துக் காட்டினேன். “நான் எங்கே விட்டேன், ரஸ்? பிடுங்கிட்டாங்கன்னு எழுது” என்றாள் என்னிடம்.

வாஸ்தவம்தான். ஆனால் வீட்டில் உட்கார்ந்துவிட்டால், அரசாங்கக் கணக்கில் அவள் வேலையில்லாதவள்கூட இல்லை; வேலை தேடாதவள். தேடவில்லையாம்! குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கே போய்த் தேடுவது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் ஒரே மூச்சில் எழுதியதுதான் அடுத்தது.

4

இரண்டாம் முடிவு: திங்கட்கிழமை காலை. ஜோலீன் சாவியைத் திருப்புகிறாள். பனிக்குள் மஞ்சள் வண்டி கிளம்புகிறது. பிள்ளைகள் பாடுகிறார்கள். லாய்டு வாயடைத்து நிற்கிறார்.

எழுதிவிட்டு எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. ஜோலீன் கடைசி வரைக்கும் படித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஹேசல் எங்கே?”

தாளைத் திருப்பிப் பார்த்தேன். குழந்தை எங்குமே இல்லை. வண்டியைக் கிளப்புகிற அவசரத்தில் எங்கேயோ இறக்கிவிட்டிருக்கிறேன்.

“லாய்டும் இதையேதான்யா பண்ணார்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

5

இன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் முடிவு, “காலையில் டேரன் மாடுகளை விட்டுவிட்டு...” (அப்புறம் அவன் வேலை போகும்.) “லாய்டு மனம் மாறி...” (அவரை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும்.)

ஆகவே முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜோலீனை ஓட்டவிடுகிறவர்கள், குழந்தையை யார் கையில் கொடுத்தார்கள் என்று பேர் சொல்லிவிட வேண்டும்.

சரி, ஹேசலுக்கு என் பேரைப் போட்டுக்கொள்ளுங்கள். ரேடியோவுக்கு ஒரு கை போதும். லாய்டு கத்தினால் கத்தட்டும்.

இன்னும் எட்டுக் குழந்தைகள் இருக்கின்றன. உங்கள் மடி காலியா?