காகிதப் பைக்குள் முதலாளி

வெண்டல் ஸ்டால்மன் கராஜ் கதவு விற்றுக் கோடீஸ்வரரானவர். அதோடு நின்றிருக்கலாம். ஆசை யாரை விட்டது? டோலிடோ நகரத்தின் ஹெரன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை வாங்கினார். ஹெரன் என்றால் கொக்கு. கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்துவிட்டு ஊரே வெற்றிக்காகக் காத்திருந்தது. இந்தப் பருவத்தில் வெண்ணெய் உருகவே இல்லை; ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

மைதானத்தின் உச்சியிலிருந்த தன் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால், கூட்டத்தில் பழுப்புத் தொப்பி போட்ட தலைகள் வாராவாரம் பெருகின. "நம்ம கடையில இந்தத் தொப்பி ஏன் இல்லை?" என்று மேலாளரிடம் கேட்டார். மேலாளருக்கு இருமல் வந்தது.

இன்று கடைசி ஆட்டம். நெவாடாக்காரர் ஒருவர் அணியை வாங்கிப் பாலைவனத்துக்குக் கொண்டுபோகத் தயாராயிருந்தார். ஆட்டம் முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். வெண்டலுக்கோ மனசு வரவில்லை. தலையாட்டுவதற்கு முன் ஒருமுறையாவது அந்தத் தொப்பிக்காரர்கள் நடுவே உட்கார நினைத்து, பழைய கோட்டை மாட்டி, மஃப்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டு இறங்கினார்.

பக்கத்து இருக்கையில் லோர்னா, நகரப் பேருந்து ஓட்டுபவள். அவரிடம் ஒரு பழுப்புக் காகிதப் பையை நீட்டினாள். வெண்டல் உள்ளே சாண்ட்விச் தேடினார். இரண்டு ஓட்டைதான் இருந்தது.

"தின்னுறதுக்கில்லண்ணே, தலையில மாட்டுறதுக்கு! இந்த டீமோட ஆளுன்னு வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்ல? ஜெயிச்சாத்தான் கழட்டணும்."

தொப்பியின் ரகசியம் அப்போதுதான் விளங்கியது. வெண்டல் சட்டென்று மாட்டிக்கொண்டார். அவரைவிட அதற்குத் தகுதியானவர் அங்கே யார்?

"வித்துத் தொலை, வெண்டல்!" என்று கூட்டம் கத்தியது. ஒதுங்கியிருந்தால் சந்தேகம் வருமே என்று அவரும் கத்தினார். கத்தக் கத்தச் சுகமாகவே இருந்தது.

"உங்களுக்கு நல்ல தொண்டைண்ணே," என்றாள் லோர்னா.

"வித்தா டீம் ஊரை விட்டே போயிடுமேம்மா?"

"எவன் சொன்னது? போகவேண்டியது அந்தாளு. டீம் போச்சுன்னா ஞாயித்துக்கிழமை நான் யாரைத் திட்டுறது, எம் புருஷனையா? பாவம், அவரு நல்லவரு!"

வெண்டலுக்குப் பைக்குள் கண் கலங்கியது. நல்லவேளை, பை.

கடைசி நொடிகள். கொக்குகள் இரண்டு புள்ளி பின்னால். உதைக்கும் பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று. உதைத்தார்கள். பந்து கம்பத்தில் மோதி, ஒரு கணம் யோசித்து, உள்பக்கமாக விழுந்தது!

பைகள் வானத்தில் பறந்தன. ஒரே ஒரு தலையில் மட்டும் பை மிச்சம்.

"கழட்டுங்கண்ணே! ராசி போயிடும்!"

பையோடு மஃப்ளரையும் கழற்றினார். லோர்னாவின் வாய் பிளந்தது. "வெண்டலா!" என்றது பின்வரிசை. அந்த நேரம் பார்த்துக் கைபேசி ஒலித்தது, நெவாடாக்காரர்.

வெண்டல் லோர்னாவைப் பார்த்தார். "விக்கிறதா இல்லைங்க," என்றார் கைபேசியில். "இங்க ஒரு அம்மாவுக்கு ஞாயித்துக்கிழமை திட்ட ஆள் வேணுமாம்."

லோர்னா வாயை மூடினாள். பிறகு சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த காப்பி பாதி அவர் கோட்டில்.

"யோவ் வெண்டல்! அந்தப் பையைக் கசக்காதய்யா," என்றாள். "மடிச்சு வை. அடுத்த வருஷமும் ஆடணும்ல?"