மூலைக்கு ஒரு ஆள்

...அவர் பெயரைச் சொல்லிவிட வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, கொத்தனார் ரெங்கராஜ் என்றால் கந்தர்வக்கோட்டைப் பக்கம் தெரியாதவர் யார், கட்டிய புருஷனுக்கு ஒரு வேலை கேட்க வனிதாவுக்கு நாக்கு ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது... சுவர் பூசும் மிஷின் மேலே ஏறிக்கொண்டிருந்தது. தரைக்கும் கூரைக்கும் முட்டுக்கொடுத்து நின்ற கம்பங்களில் தொட்டி ஏற ஏற, அது அழுத்திவிட்ட கலவை சுவரில் ஒரே கனத்தில் படிந்தது. என்ஜினியர் அர்ச்சனாவுக்கு அது ரோபோ, மற்றவர்களுக்கு மிஷின். போன வருஷம் வரை சாந்துச் சட்டி சுமந்த சித்தாள் வனிதாதான் இப்போது அதன் பொத்தானை அழுத்துகிறவள். "வனிதாக்கா, இது மூலைக்குள்ள போகாது, ஜன்னல் ஓரமும் கையிலதான் பூசணும். அதுக்கு ஒரு ஆள் போதும். இந்தச் சுவர் முடியிறதுக்குள்ள ஒரு பேர் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அர்ச்சனா போனைக் காதில் வைத்தபடி போய்விட்டாள். ஒரு ஆள்... இவ்வளவு பெரிய ஹாஸ்டல் கட்டடம், முன்பானால் சாரம் முழுக்க ஆட்கள் நிற்பார்கள், இப்போது மூலைக்கு மட்டும் ஒரு ஆள்.

அவருக்குத் தோள் போய்விட்டது, சட்டை போடவே இவள்தான் கையை நுழைத்துவிடுகிறாள், தலைக்கு மேலே எட்டிப் பூச முடியுமா? முடியும் என்பார், முடியாததையெல்லாம் முடியும் என்று சொல்லியே தோளைக் கெடுத்துக்கொண்டவர். மிஷினைப் பற்றிச் சொன்னபோது கோபப்படுவார் என்று பயந்தாள், அவரோ சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதுக்குத் தோளு வலிக்காதுல்ல?" என்றார், அவ்வளவுதான். கேலியா, பொறாமையா, இன்றுவரை பிடிபடவில்லை. இன்னொரு கொத்தனார் செல்லமுத்து அண்ணனைச் சொல்லலாமா, நல்ல கை, ஆனால் அவரைச் சொல்லிவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது... தொட்டி உச்சியில் நின்றது. பொத்தானை அழுத்தினாள், இறங்க ஆரம்பித்தது. வீட்டுக்குக் குளியலறை கட்டியபோது புருஷனிடம் பூச்சுக் கரண்டியைக் கேட்டு வாங்கி ஒரு பக்கச் சுவரை இவளே பூசினாள், அவர் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார், "பூசு, பாப்போம்." மறுநாள் சந்தைக்குப் போய்விட்டு வந்தால் அந்தச் சுவரைச் சுரண்டி எடுத்து அவரே மறுபடி பூசியிருந்தார். ஏன் என்று இவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோணலாகவா இருந்தது? மட்டப்பலகை வைத்துப் பார்த்தாளே, பலகைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு பொட்டு வெளிச்சம்கூடத் தெரியவில்லையே... ஒருவேளை அது நேராக இருந்ததுதான் அவருக்கு... ச்சே, என்ன நினைப்பு இது, ஒரு நாள் கை நீட்டியதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை, நல்ல மனுஷர். அப்புறம் ஏன் அந்தச் சுவர் இப்போது வந்து எதிரே நிற்கிறது?

தொட்டி தரைக்கு வந்துவிட்டது. சுவரெல்லாம் வழவழவென்றிருக்க, மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் செங்கல் தெரிந்தது. "யாருக்கா, சொல்லுங்க" என்று அர்ச்சனா வந்து நின்றாள். ரெங்கராஜ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "நானே பூசுறேன் மேடம்." "நீங்களா? அப்ப மிஷினை யாரு பாக்குறது?" "அது ஏறி எறங்குற வரைக்கும் நா சும்மாதானே நிக்கிறேன். இந்த ஒரு மூலையப் பூசுறேன், பாத்துட்டுச் சொல்லுங்க." கலவையை அள்ளி வீசியபோது முதல் வீச்சு பாதி கீழே விழுந்தது, அடுத்தது பிடித்துக்கொண்டது, ஏணியில் ஏறி மேலிருந்து இழுத்துக்கொண்டே வந்தாள். அர்ச்சனா விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "சரிக்கா, ஒங்க பேரையே அனுப்பிடுறேன்."

கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது ரெங்கராஜ் போன் செய்தார். "சாப்ட்டியா?" "இனிமேத்தான்." "மேடம்ட்ட வேலைக்கு ஏதாச்சும் கேட்டியா?" கேட்டேன் என்பதா, கேட்கவில்லை என்பதா... "சாயங்காலம் வந்து சொல்றேங்க" என்று வைத்துவிட்டாள். தோளுக்காகத்தான் சொல்லவில்லை என்று சொன்னால் நம்புவார், நிச்சயம் நம்புவார், நல்ல மனுஷர். ஆனால் அந்தத் தோள் நன்றாக இருந்திருந்தால் மட்டும் அவர் பெயரைச் சொல்லியிருப்பாளா... குழாய்த் தண்ணீர் கரண்டியின் மேல் கொட்டிக்கொண்டே இருந்தது, அதில் சாந்து போய் நெடுநேரமாகியிருந்தது.