மூன்றாம் மாடி மட்டும்

என் அக்காவுக்கு என்னை நன்றாகத் தெரியும். அதனால்தான் பவர் பத்திரத்தை அவ்வளவு இறுக்கி எழுதியிருந்தாள். அவள் சார்பில் நான் ஒரே ஒரு வீட்டை வாங்கலாம்; மூன்றாம் மாடியில், கிழக்கு பார்த்த ஜன்னல் வைத்த வீடு. பேசிய விலையை மாற்றவோ வேறு வீட்டைத் தொடவோ எனக்கு அதிகாரம் கிடையாது.

காரணம் என் தலை. யார் எதைக் கேட்டாலும் அது ஆடிவிடும். இப்படி ஆட்டித்தான் எனக்குப் பிடிக்காத பச்சை நிறத்தில் ஸ்கூட்டர் வாங்கினேன்; எதற்கென்றே தெரியாத இரண்டு சங்கங்களுக்குச் செயலாளர் ஆனேன். "முழு பவர் குடுத்தா நீ கட்டடத்தையே வாங்கிட்டு வந்து நிப்ப," என்றாள் அக்கா. எனக்குச் சுருக்கென்றது. அதற்கும் தலையாட்டினேன்.

அவள் கப்பலில் சமையல்காரி. படுக்கிற அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லை. பொழுது விடிந்ததா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காலை வெயில் முகத்தில் விழுகிற ஒரு வீடு, அது ஒன்றுதான் அவள் தனக்கென்று ஆசைப்பட்டது.

கையெழுத்துப் போடும் நாளன்று பத்திரம் எழுதுபவரின் அறையில் வீட்டுக்காரர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், தேன் ஒழுகப் பேசுவார். மாடி வீட்டை மகள் கேட்கிறாளாம். தரைத்தளத்திலும் அவருக்கு ஒரு வீடு இருக்கிறதாம். அதே அளவு, அதே விலை, படியேறும் தொல்லையும் இல்லை. அந்த வீடு விற்காமல் கிடக்கும் கதை எனக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் கார்களின் புகைதான் உள்ளே வரும். தெரிந்தும் ஆடித் தொலைத்தது, பாழாய்ப்போன தலை.

"தம்பியே ஒத்துக்கிட்டாரு, முடிச்சிடலாம்," என்று பேனாவை நீட்டினார்.

பத்திரம் எழுதுபவர் பவரை இன்னொரு முறை படித்தார். "அவர் தலையை ஆட்டலாம். கையெழுத்துப் போட முடியாது. மூணாவது மாடிக்கு மட்டும்தான் பவர்."

"அப்போ அக்காகிட்ட சொல்லி மாத்தி வாங்குங்க தம்பி. இல்லேன்னா எந்த வீடும் கிடையாது." வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

கழுத்து மறுபடியும் அசையப் பார்த்தது. கப்பலில் அக்கா படுக்கிற ஜன்னலில்லாத அறை நினைவுக்கு வந்தது. தாடையைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

"முடியாதுங்க," என்றேன்.

அவர் வாசல்வரை போய் நின்றார். நான் கூப்பிடுவேன் என்று காத்திருந்தார். எனக்குக் கூப்பிட வேண்டும் போலத்தான் இருந்தது. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதை அவர் என் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. முனகிக்கொண்டே திரும்பி வந்து மூன்றாம் மாடிக்குக் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே நானும் போட்டேன். மகள் பேச்சையே அப்புறம் காணோம்.

மாலையில் அக்கா கப்பலிலிருந்து கூப்பிட்டாள். தலையாட்டியதையும் சொன்னேன், முடியாது என்றதையும் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நான் வந்ததும் நீயும் எங்கூடவே இருந்துடுடா. பக்கத்து ரூம் உனக்கு. சரியா?"

நான் வேகமாகத் தலையாட்டினேன்.

"போன்ல தலையாட்டாதடா," என்றாள் அக்கா. "வாயைத் திறந்து சொல்லு."