லோடு இல்லாத வண்டி

"லோடு இல்லாம வண்டி எங்கடி போவுது?" என்று கேட்டார் குருமூர்த்தி. திருச்செங்கோட்டில் லாரி ஆபீஸ் வைத்திருப்பவர். வண்டி என்றால் ஏற்றுகிற ஊரும் இறக்குகிற ஊரும் இருக்க வேண்டும் அவருக்கு.

"நான்தானுங்க லோடு" என்றாள் அவர் மனைவி சரிதா.

"எறக்கறது எங்க?"

"இன்னைக்குக் கொல்லிமலை. நாளைக்கு எங்க போகத் தோணுதோ அங்க."

"தோணற ஊருக்கு ஆராச்சும் டீசல் போடுவாங்களா? டிரைவர் மணியனக் கூட்டிக்கிட்டுப் போ. அவன் ஓட்டட்டும், நீ பின்னாடி உக்காந்து வேடிக்கை பாரு."

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து வெளியூருன்னா பின்னாடிதானுங்க உக்காந்திருக்கேன். இந்த மூணு நாளாச்சும் முன்னாடி உக்காந்துக்கறேன். வாரேனுங்க."

மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காகக் கார் ஓட்டப் பழகியவள் சரிதா. மகள் கல்யாணமாகிக் கோயமுத்தூருக்கே போய்விட்டாள். ஆனாலும் சரிதா தனியாக ஊர் எல்லையைத் தாண்டியது இல்லை. எலச்சிபாளையம் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டாள். வாய் தானாகவே பாட ஆரம்பித்தது. பக்கத்தில் யாரும் இல்லை என்பதால் சத்தமாகவே பாடினாள்.

நாமக்கல்லில் துறையூர் ரோடும் கொல்லிமலைக்குப் போகிற சேந்தமங்கலம் ரோடும் பிரிகிற இடத்தில் ஒரு டீக்கடை. நிறுத்தி, ஒரு டீ வாங்கிக் குடித்தாள். திரும்பிப் பார்த்தால், அவள் காருக்குக் குறுக்கே ஒரு லாரி நிற்கிறது. டிரைவர் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு பணிவாக வந்தான்.

"ஏனுங்க்கா, எம்பேரு கந்தவேலுங்க. ஊட்டுக்குத் திரும்பிப் போயிருங்க்கா."

"என்னுது?"

"என்ன கோவமா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாமுங்க. அண்ணன் தவிச்சுப் போயிருக்காரு."

"எந்த அண்ணன்? எந்தக் கோவம்? லாரிய எடு தம்பி."

அவன் தயங்கித் தயங்கிப் போனை நீட்டினான். லாரிக்காரர்களின் வாட்ஸப் குரூப். அவள் கார் நம்பர். கீழே: 'வெள்ளை கார். கொல்லிமலைப் பக்கம் தனியாக வருகிறது. பார்த்தவர்கள் நிறுத்தி வைத்துத் தகவல் சொல்லவும். குருமூர்த்தி, திருச்செங்கோடு.'

சரிதாவுக்குக் காது சூடாகிவிட்டது. இது அவளுக்குத் தெரிந்த வாசகம். டிரைவர் எவனாவது வண்டியோடு ஓடிப்போனால் குருமூர்த்தி போடுகிற அதே வாசகம்.

அதற்குக் கீழே ஊரே பேசியிருந்தது.

'எலச்சிபாளையம் தாண்டியாச்சு.'

'மாமியா சண்டையாம்.'

'அக்கா அழுதுக்கிட்டே ஓட்டறாங்க. நான் கண்ணால பாத்தேன்.'

"அழுதனா? பாட்டுப் பாடிட்டு வந்தேன்டா!"

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவள் குருமூர்த்திக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, நான் என்ன ஓடிப்போன வண்டியா?"

"அட, உன்ற பாதுகாப்புக்குத்தான் போட்டேன் கண்ணு. எப்பவும் போடற மாதிரி போட்டுட்டேன். வேற மாதிரி எழுத எனக்கு வருமா?"

"இப்ப எழுதுங்க. எவனும் எம்பக்கம் வரக்கூடாது."

"இரு, இப்பவே போடறேன்."

கந்தவேலின் போன் டிங்கென்றது. அவன் படித்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"'வண்டி கிடைத்துவிட்டது, நன்றி'ன்னு போட்டுட்டாருங்க்கா! நல்லதாப் போச்சு. திருப்பிக்கோங்க, நான் பின்னாடியே ஊடு வரைக்கும் வந்து உட்டுட்டுப் போறேன்."

சரிதா அவன் போனைப் பிடுங்கினாள். குரூப்பில் பேசிப் போடுகிற பொத்தானை அழுத்தினாள்.

"நான் சரிதா பேசறேன். குருமூர்த்தி சம்சாரம். நான் காணாமயும் போகல, கோவிச்சுக்கிட்டும் போகல. ஊரு சுத்தப் போறேன். ஒங்களுக்கெல்லாம் இது புரியாதா? நீங்க குஜராத்து, அஸ்ஸாம்னு மாசக்கணக்காப் போறீங்களே, ஒங்க பொண்டாட்டிங்க ஒங்க நம்பர எந்தக் குரூப்புல போட்டாங்க? எந்தப் பொம்பள ஒங்க வண்டிக்குக் குறுக்க வந்து நின்னா? எனக்கு எங்க மாமியாளோட சண்டையும் இல்ல. அந்தம்மா செத்து அஞ்சு வருசமாச்சு. அதையும் கேட்டுக்கோங்க. ஆகமொத்தம் இனிமே எவனும் என்னைக் கண்டுபுடிக்க வேண்டாம்!"

விரலை எடுத்தாள். அது போய்விட்டது. பிறகு ஒருவன், 'அப்பப் பாட்டுத்தானுங்களா?' என்று மட்டும் கேட்டிருந்தான்.

கந்தவேல் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு லாரியைப் பின்னால் எடுத்தான். சரிதா காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். கொல்லிமலை என்று அந்த மனுசனிடம் சொன்னதே தப்பு. இந்நேரம் அடிவாரத்தில் நாலு பேர் மாலையோடு நிற்பார்கள்.

காரைத் துறையூர் ரோட்டில் ஒடித்தாள்.

"அக்கா! அக்கா!" கந்தவேல் லாரியிலிருந்து எட்டிக் கத்தினான். "கொல்லிமலைக்கு அந்த ரோடுங்க!"

"தெரியும் தம்பி!"

"அப்ப அண்ணன் கேட்டா எங்க போனீங்கன்னு சொல்லட்டுமுங்க?"

"பாக்கவே இல்லைன்னு சொல்லு!"